ஐந்தரை மணி நேரம்

என் கம்ப்யூட்டரில் இரண்டு குடித்தனங்கள். ஒன்று விண்டோஸ், இன்னொன்று லினக்ஸ். பட்டனை அமுக்கினால் கறுப்புத் திரையில் இரண்டு பெயரும் வரும். எதற்குள் போவது என்று பத்து வினாடிக்குள் சொல்லிவிட வேண்டும். விளையாட விண்டோஸ், பிழைப்புக்கு லினக்ஸ். சென்னையில் இருக்கிற ஒரு கம்பெனியின் சர்வர்களை, நன்னிலத்துக்குப் பக்கத்து ஊரில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது என் வேலை. மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் ஆரம்பிக்கும்.

இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக் குப்பை கொட்டுகிறவனுக்குத்தான் அந்த இம்சை தெரியும். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது அந்தக் கறுப்புத் திரையை விழுங்கிவிடும். லினக்ஸ் இருந்த சுவடே தெரியாது, பென் டிரைவ் போட்டு மீட்டெடுக்க அரை நாள் போகும். லினக்ஸுக்கு வந்தால் ஹெட்போனில் கேட்க வேண்டிய சத்தம் மானிட்டர் வழியாக அலறும். இத்தனைக்கும் இப்போதெல்லாம் முக்கால்வாசி கேம்கள் லினக்ஸிலேயே ஓடுகின்றன. நான் உயிரை விடுகிற ஒரே ஒரு கேம் மட்டும் ஓடாது. ஐந்து பேர் அணியாகச் சேர்ந்து சுடுகிற ஆட்டம் அது. கள்ளாட்டம் ஆடுகிறவர்களைப் பிடிப்பதற்கு அதற்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். அவனுக்கு லினக்ஸைக் கண்டாலே ஆகாது. அதனால் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் மாறிக்கொண்டிருப்பேன்.

இதில் இன்னொரு கூத்து கடிகாரம். கம்ப்யூட்டருக்குள் சின்ன பேட்டரியில் ஓடுகிற கடிகாரம் ஒன்று உண்டு. விண்டோஸ் அதில் நம் ஊர் மணியை எழுதி வைக்கும். லினக்ஸ் அதில் கிரீன்விச் மணி இருப்பதாக எடுத்துக்கொண்டு, ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டும். விண்டோஸில் ஆடிவிட்டுக் காலை ஒன்பது மணிக்கு லினக்ஸைத் திறந்தால் மதியம் இரண்டரை என்று சொல்லும். இன்டர்நெட் இருந்தால் அரை நிமிடத்தில் சரியான மணியைக் கேட்டு வாங்கித் தன்னைத் திருத்திக்கொள்ளும். அதனால் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை.

செழியன் எடுத்துக்கொண்டான். எனக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவனே அவன்தான். கீழத்தெரு ரெத்தினத்தின் மகன். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன், இப்போது தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறான். தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் அணி கூடும். அவன் கடைக்குக் கிளம்புகிற ஒன்பது மணி வரைக்கும் ஆடுவோம். ஹெட்போனில் என்னை டேய் என்பான், மடையா என்பான், நான் சுடாமல் விட்டால் என் பரம்பரையையே இழுப்பான். பொங்கலுக்கு ஊருக்கு வந்து எங்கள் வீட்டு வாசலில் நிற்கும்போது அந்த வாய் இருக்காது. அப்பா பக்கத்தில் இருந்தால் என் பெயரைக்கூடச் சொல்லமாட்டான். இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் என் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான். “ஒரு வரி கமாண்ட்தான்டா. ரெண்டும் ஒரே மணியப் படிக்கும். போட்டுடு.”

“போடுறேன்” என்றேன். போடவில்லை. அதுதான் தானாகவே சரியாகிவிடுகிறதே.

இனி எங்கள் வயல் மோட்டாருக்கு வருகிறேன். மேட்டூரில் திறந்துவிடுகிற தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்து சேருவதற்குள் குறுவைக்கு நாற்று விட்டாக வேண்டும். அதற்கு வயலில் ஒரு மோட்டார் கொட்டகை, கொட்டகைக்குள் இடுப்பளவுக் குழி, குழிக்குள் மோட்டாரும் பம்பும். வெயிலில் தண்ணீர் வைத்தால் நாற்று வெந்துபோகும் என்று அப்பா சாயங்காலம்தான் பாய்ச்சுவார். சைக்கிளை மிதித்துக்கொண்டு ஐந்து மணிக்குப் போய்ப் போட்டுவிட்டு, எட்டு மணிக்குப் போய் நிறுத்திவிட்டு வருவார். போன வருஷம் அவருக்கு முட்டி வலி வந்தது. நான் நல்ல பிள்ளை ஆனேன். எஸ்.எம்.எஸ். வந்தால் மோட்டாரைப் போடுகிற பெட்டி ஒன்றை வாங்கிக் கொட்டகையில் மாட்டினேன். அந்தப் பெட்டியிலேயே நேரம் வைக்கிற வசதி இருந்தது. ஆனால் கரண்ட் போய் வந்தால் அது மறந்துவிடும். நான் அதைவிடக் கெட்டிக்காரன் அல்லவா. என் கம்ப்யூட்டரில் சிம் போட்ட டாங்கிள் ஒன்றைச் செருகி, லினக்ஸில் நான்கு வரி எழுதி வைத்தேன். ஐந்து மணிக்கு ‘போடு’ என்று ஒரு செய்தி போகும், அதற்கு நெட் கூட வேண்டாம். எட்டு மணிக்கு ‘நிறுத்து’ என்று ஒன்று போகும். அப்பா டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

பெட்டியில் ஒரே ஒரு தொல்லை. கரண்ட் போனால் நேரம்தான் மறக்கும்; கரண்டைக் கொண்டுவருகிற மூன்று பியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் பெட்டி குழம்பிப்போய் என் நம்பரையே மறந்துவிடும். அப்புறம் நான் சேற்றில் நடந்து போய், கொட்டகையில் நின்றுகொண்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் பதிய வேண்டும். எங்கள் பக்கத்தில் மோட்டாரில் கை வைக்கிற யாரும் முதலில் செய்கிற காரியம் அந்த மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்வதுதான். ஊருக்கே மோட்டார் மெக்கானிக் செழியனின் அப்பா ரெத்தினம். கட்டை மடியில் கனத்தால்தான் கை பயமில்லாமல் வேலை செய்யும் என்பார். அப்பாவும் அவரைப் பார்த்துப் பழகியவர். மாதத்தில் இரண்டு தடவையாவது பிடுங்குவார், நான் சேற்றில் நடப்பேன்.

மே மாதக் கடைசியில் அப்படி ஒருநாள் நடந்து வந்து, காலைக் கழுவாமலே அவர் முன்னால் நின்று கத்தினேன். “கட்டையப் புடுங்காதீங்கன்னு எத்தனை தடவைப்பா சொல்றது. செட்டிங் எல்லாம் போயிடுது. அஞ்சு மணிக்கு முன்னாடி அது ஓடாது. நான் சொல்றேன்ல, ஓடாது.”

“சரிடா, இனிமே புடுங்கல” என்றார் அப்பா. அப்புறம் அவர் பிடுங்கவே இல்லை.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்கு விண்டோஸில் நுழைந்தேன். கடிகாரம் வழக்கம்போல ராத்திரி பன்னிரண்டரை என்றது. மணி தப்பாக இருந்தால் கேமின் காவல்காரன் உள்ளே விடமாட்டான். ஒரு பட்டனைத் தட்டி மணியைச் சரி செய்துவிட்டு ஆடத் தொடங்கினேன். நல்ல ஆட்டம். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிச் சுற்று, எங்கள் பக்கம் நானும் செழியனும் மட்டும் உயிரோடு இருந்தோம். “இடப்பக்கம் வர்றான்டா, இடப்பக்கம்” என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்தது, திரை உறைந்தது. மெயின் ரோட்டில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய ஜேசிபி, இன்டர்நெட் கேபிளை ஒரே இழுப்பில் அறுத்திருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் கையில் இருந்த ஆட்டம் போய்விட்டது என்பதுதான். கோபத்தில் மேசையைக் குத்தினேன். மெஷினை அணைத்து, லினக்ஸைப் போட்டேன்.

மூலையில் மணி இரண்டு இருபது என்று காட்டியது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதோ என்று ஒரு வினாடி பதறினேன். பிறகு உறைத்தது, சிரித்தேன். நெட் வந்ததும் அதுவே திருத்திக்கொள்ளும். மெஷினை அப்படியே ஓடவிட்டு ஃபேனைக் கூட்டி வைத்துப் படுத்தேன். மோட்டார் நினைவுக்கு வரவில்லை. இதை நான் பல தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன். அந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்கிறது. மோட்டாரைப் பற்றி ஒரு நினைப்புக்கூட வரவில்லை.

பதினொன்றேகால் மணிக்கு அப்பா வயலுக்குப் போனார். பம்பு சுற்றுகிற தண்டின் ஓரமாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் கயிறு அடைக்க வேண்டும். இரண்டு நாள் முன்னால்தான் ரெத்தினம் வந்து ஸ்டார்ட்டரைச் சரி பண்ணிவிட்டு, கயிறு வாங்கி வந்து அடைத்துத் தருகிறேன் என்று சொல்லிப் போயிருந்தார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, கயிற்றை அவரே வாங்கிவிட்டார். குழிக்குள் இறங்கினார். கட்டையைப் பிடுங்கவில்லை. தண்டைப் பிடித்து வலது கையால் பழைய கயிற்றை நோண்டிக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்கு மோட்டார் ஓடியது.

நாற்றங்காலில் புல் பறித்துக்கொண்டிருந்தது அம்சம், ரெத்தினத்தின் மனைவி. சத்தம் கேட்டு ஓடிவந்து குழியை எட்டிப் பார்த்திருக்கிறார். சிவப்புப் பட்டனை அமுக்கி நிறுத்தியது அவர்தான். தன் சேலையைக் கிழித்து அப்பாவின் முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டியதும் அவர்தான். அந்தக் கட்டு இல்லாவிட்டால் ஆள் திருவாரூர் தாண்டியிருக்கமாட்டார் என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். கையைக் காப்பாற்ற முடியவில்லை. மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரற்கடை விட்டு எடுத்துவிட்டார்கள்.

என்னை எழுப்பியது அம்மா போட்ட கூப்பாடு. நான் வயலுக்கு ஓடியபோது அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரெத்தினம் கொட்டகைக்குள்ளிருந்து வெளியே வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. மடியில் ஏதோ செருகிக்கொண்டிருந்தார். யாரோ, “நீதானய்யா முந்தாநாளு ஸ்டார்ட்டர்ல கை வச்ச” என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவர் பதில் சொன்னாரா என்று தெரியவில்லை. கார் கிளம்பிவிட்டது.

இரண்டாம் நாளே ஊர் தீர்ப்பெழுதிவிட்டது. ஐந்து மணிக்கு ஓடுகிற மோட்டார் பதினொன்றரைக்குத் தானாக ஓடியதென்றால் ஸ்டார்ட்டர்தான் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்டார்ட்டரைக் கடைசியாகப் பிரித்தது ரெத்தினம். அம்மா பெயர் மங்களாம்பிகை, கோயிலில்கூட மெல்லப் பேசுகிறவள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்தபோது கீழத்தெரு முனையில் நின்று அம்சத்தைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். “உன் புருசன் எம் புருசன் கையத் தின்னுட்டான்.” அந்தக் கையைக் கட்டி உயிரைக் காப்பாற்றியவரைப் பார்த்து. குறுவைக்கு ஊரில் எல்லா மோட்டாரும் ஓடுகிற நேரம் அது. நன்னிலத்திலிருந்து வேறு மெக்கானிக்கைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ரெத்தினத்தை ஒருவரும் கூப்பிடவில்லை.

எனக்கு அதுவரைக்கும் சந்தேகமே இல்லை. நானும் ரெத்தினத்தை மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாம் நாள் காலை கம்பெனிக்கு லீவு சொல்வதற்காக வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மெஷின் அன்றைக்கு விட்டபடி ஓடிக்கொண்டே இருந்தது. மூலையில் மணியைப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டியது. எதற்காகப் பார்த்தேனோ, பார்த்ததும் செவ்வாய்க்கிழமை அதே மூலையில் இரண்டு இருபது என்று இருந்தது ஞாபகம் வந்தது.

லினக்ஸ் தான் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் குறித்து வைக்கும். செவ்வாய்க்கிழமைக் குறிப்பைத் திறந்தேன். ‘17:00:01 செய்தி அனுப்பப்பட்டது.’ அதற்குக் கீழே சில வரிகள் தள்ளி, நெட் வந்ததும் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் குதித்திருந்தது. அதற்கும் கீழே, மறுபடியும் ‘17:00:01 செய்தி அனுப்பப்பட்டது.’ ஒரே நாளில் இரண்டு ஐந்து மணி. இரண்டாவது ஐந்து மணிக்கு மோட்டார் ஓடவில்லை. அதற்குள் யாரோ கட்டையைப் பிடுங்கியிருந்தார்கள்.

அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தேன். பிறகு துடைத்தேன். பிறகு, இரண்டு வருஷமாகப் போடாத அந்த ஒரு வரியை அடித்தேன். இரண்டு வினாடி ஆயிற்று.

மறுநாள் தஞ்சாவூரில் அப்பா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா கேன்டீனுக்குப் போயிருந்தாள். அப்பா முழித்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணி சுற்றிய கை தலையணைமேல் இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, நேராகவே சொன்னேன்.

“ரெத்தினம் மேல தப்பு இல்லப்பா. நான்தான். கம்ப்யூட்டர்ல மணி தப்பா ஓடிச்சு. அது அஞ்சு மணின்னு நெனச்சுக்கிட்டு அனுப்பிட்டு.”

அவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரா என்றே சந்தேகமாக இருந்தது. “அது எப்படி தப்பா ஓடும்?” என்றார்.

“காலையில விளையாண்டேன். விளையாண்டுட்டு மாத்துனா அப்படி ஓடும். நெட் இருந்தா சரியாயிடும். அன்னைக்கி நெட் இல்ல.”

“உனக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

அவர் இடது கையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கைக்கு அது இன்னும் பழகவில்லை, மூக்கில் இடித்துக்கொண்டது. பேசும்போது குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அம்மாகிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல.”

“சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத.”

“அப்பா, ரெத்தினத்தை ஊர்ல…”

“ஊரு நாலு மாசம் பேசும். அப்புறம் மோட்டார் ரிப்பேர்னா அவன்கிட்டதான் போயி நிக்கும். அவன் பொழச்சுக்குவான். நீ அப்படியா? பெத்த மவன் விளையாடி அப்பன் கைய எடுத்தான்னு சொல்லுவானுவ. உனக்குப் பொண்ணு தருவானா ஒருத்தன்? எம் மவன் கம்ப்யூட்டர்ல மோட்டார் ஓட்டுறான்னு சொல்லிட்டுத் திரிஞ்சவன்டா நான். எனக்கு இருக்கிற கையும் போன மாதிரி ஆயிடும்.” மூச்சு வாங்கியது. “விடு. போனது என் கைதான. நானே சொல்றேன், விடு.”

சரி என்றேன். அந்த நிமிடம் எனக்குள் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. உடம்பெல்லாம் லேசாகி, மூன்று நாளாக இல்லாத பசி எடுத்தது. அம்மா கேன்டீனிலிருந்து வாங்கி வந்த நான்கு இட்லியையும் நான்தான் தின்றேன். என்னை நானே வெறுக்க வேண்டும் என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த இட்லியைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்குச் சாயங்காலம் செழியன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கடையிலிருந்து நேராக வந்திருந்தான், கையில் ஒரு பை ஆரஞ்சு. வார்டுக்குள் வரவில்லை. அம்மா இருக்கிறாளா என்று வாசலிலிருந்து பார்த்துவிட்டு என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டான். மாடிப்படி பக்கத்தில் நின்றோம்.

“ராம்கி, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காத” என்றான். டேய் இல்லை. மடையா இல்லை. “அன்னைக்கி நாம ஆடிட்டு இருந்தோம்ல. ஒன்பதுக்குப் பத்து நிமிசம் இருக்கையில நீ கட் ஆயிட்ட. கேபிள் அறுந்துதுன்னு அப்புறம் கேள்விப்பட்டேன். நெட்டு ஒரு மணிக்குத்தான் வந்துதாம்.”

“ஆமா.”

“கட் ஆனதும் லினக்ஸ் போட்டியா?”

நான் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. அவன் கணக்குப் போட்டு முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். பதினொன்றரையும் ஐந்தரையும் சேர்ந்தால் ஐந்து மணி என்பது அவனுக்குத் தெரியும். எனக்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்திருக்கும். நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் அப்பா அன்றைக்கே தலையை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடப்பார்.

“இல்ல” என்றேன். “நெட்டு இல்லாம என்ன பண்றது. மெஷினை அணைச்சுட்டுப் படுத்துட்டேன். அம்மா எழுப்புற வரைக்கும் தூங்கிட்டு இருந்தேன்.”

“மெஷின் ஓடவே இல்லையா?”

“ஓடல.”

அவன் நான் சொன்னதை நம்பினான். அவன் நம்பியதை நான் கண்ணால் பார்த்தேன். மெஷின் ஓடவில்லை என்றால் செய்தி போயிருக்காது. செய்தி போகவில்லை என்றால் ஸ்டார்ட்டர்தான். ஸ்டார்ட்டர் என்றால் அவன் அப்பா. நான் பொய் சொல்வேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஐந்து வருஷமாகத் தினமும் மூன்று மணி நேரம், என் முதுகை அவனும் அவன் முதுகை நானும் காத்துக்கொண்டு ஆடியவர்கள் நாங்கள்.

“எங்க அப்பா தம் மேல தப்பே இல்லன்னு சொல்றாரு. சத்தியம் பண்றாரு. அதான் ஒருவேளை…” என்று இழுத்தான். பிறகு ஆரஞ்சுப் பையை என் கையில் கொடுத்தான். “சரி. நான் அவருகிட்ட பேசுறேன். வயசாயிட்டுல்ல, கண்ணு வேற சரியாத் தெரியல. எங்கயோ விட்டிருப்பாரு.”

அவன் படி இறங்கிப் போன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. மறுநாள் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக லினக்ஸ் இருந்த பகுதியை மொத்தமாக அழித்தேன். குறிப்பு, நான்கு வரி, எல்லாம் போயிற்று. கம்பெனிக்கு உடம்பு சரியில்லை என்று இன்னும் பத்து நாள் லீவு கேட்டேன். கறுப்புத் திரை இப்போது வருவதில்லை. பட்டனை அமுக்கினால் கேட்காமல் கொள்ளாமல் விண்டோஸ் வந்துவிடுகிறது. கேமைத் திறந்தால் நண்பர்கள் பட்டியலில் செழியன் பெயருக்குப் பக்கத்தில் காலை ஆறு மணிக்குப் பச்சைப்புள்ளி எரியும். நான் உள்ளே போகாமல் மூடிவிடுவேன். இரண்டு வாரம் கழித்து அந்தப் புள்ளி எரிவதும் நின்றது.

நாற்றங்காலைப் பார்க்க யாருக்கும் மனசில்லை. வெயிலில் அது கருகிப்போனது. அந்த வருஷம் எங்களுக்குக் குறுவை இல்லை.

அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். காலை பத்து மணி. அப்பா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் ஸ்பூனைப் பிடித்துச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகப் பழகிக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ரெத்தினம் நின்றார். அவருக்குப் பின்னால் வாசல் வேப்பமரத்தடியில் செழியன்.

ரெத்தினத்தை நான் முறை சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பெயர் சொல்ல வாய் வராது, மாமா என்று சொல்ல வீட்டில் விடமாட்டார்கள். அதனால் எதுவும் சொல்லாமலே இருபத்தெட்டு வருஷம் ஓட்டிவிட்டேன். அன்றைக்கும் வாங்க என்று மட்டும் சொன்னேன். அவர் நிலைப்படியைத் தாண்டி ஒரு அடி வைத்து நின்றார். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“அண்ணே” என்றார். அப்பாவின் கை இல்லாத இடத்தைப் பார்த்தார். பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனார். “மொதல்ல எம் மேல தப்பு இல்லன்னுதாண்ணே சொல்லிட்டு இருந்தேன். சத்தியம்கூடப் பண்ணேன். செழியன் எல்லாத்தையும் வெவரமாச் சொன்னான். கம்ப்யூட்டரு ஓடவே இல்லையாம்ல. அப்ப வேற என்ன இருக்கு. நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன். கண்ணு இப்பல்லாம் மங்கலாத் தெரியுது. ஸ்குரு சரியா முறுக்குனேனான்னு ராத்திரி பகலா யோசிச்சுப் பாக்குறேன், ஒண்ணும் தெரியல. மன்னிச்சுக்கங்கண்ணே. இனிமே மோட்டார்ல கை வைக்கிறதில்லன்னு விட்டுட்டேன். பையன் கூட தஞ்சாவூருக்கே போறோம் ரெண்டு பேரும்.”

அப்பா ஸ்பூனைத் தட்டில் வைத்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இப்போது சொல்லிவிடுவார் என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்று விரும்பினேன், சொல்லிவிடக் கூடாது என்றும் விரும்பினேன்.

“போனது போச்சு ரெத்தினம்” என்றார் அப்பா. “நீ என்ன வேணும்னேவா பண்ண? மனசுல வச்சுக்காம போயிட்டு வா.”

ரெத்தினம் அழுதுவிட்டார். துண்டால் வாயை மூடிக்கொண்டு, சத்தம் வராமல். அப்பா அவரை மன்னித்துவிட்டார் என்பதற்காக அழுதார். நான் சுவரோடு நின்றேன். வாசலில் செழியன் தலையைக் குனிந்துகொண்டு, அவன் அப்பாவின் செருப்புகளைக் காலால் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தான்.

கிளம்பத் திரும்பியவர் நின்றார். மடியை அவிழ்த்து, அதற்குள்ளிருந்து மூன்று பியூஸ் கட்டைகளை எடுத்தார். அன்றைக்குக் கொட்டகையிலிருந்து வெளியே வரும்போது அவர் மடியில் செருகியது அதுதான். அத்தனை நாளும் யாரும் கேட்கவில்லை, அவரும் இறக்கி வைக்கவில்லை. அப்பாவுக்கு வாங்கக் கை இல்லை என்பது போல என் பக்கம் நீட்டினார்.

“இத நீங்க வச்சுக்கங்க தம்பி. புது மெக்கானிக் யாரு வந்தாலும் மொதல்ல இதப் புடுங்கி மடியில வச்சுக்கிட்டு வேல பாக்கச் சொல்லுங்க. அண்ணன் ஒருநாளும் இத மறக்க மாட்டாரு. முப்பது வருசமாப் பாக்குறேன். அன்னைக்கி மட்டும் ஏன் புடுங்காம எறங்குனாருன்னுதான் எனக்கு இன்னமும் புரியல.”

அப்பா குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைகளில் ரெத்தினத்தின் இடுப்புச் சூடு இருந்தது. நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.